நிஜமாத்தான் சொல்றீங்களா?

உண்மையைப் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடைசி வரி ஒன்றுதான்: 'என் பெயரைப் போட வேண்டாம்.' ஆகவே எல்லாருக்கும் தொழிலும் ஊரும் மட்டும்.

கே: உண்மை என்றால் என்ன? சுற்றி வளைக்காமல் ஒரே வரியில் சொல்லவும்.
– ஆட்டோ ஓட்டுநர், விருதுநகர்

ப: இதே கேள்வியை ஏசுவிடம் கேட்ட பிலாத்து, பதில் வருவதற்குள் எழுந்து வெளியே போய்விட்டான் என்கிறது யோவான் சுவிசேஷம். நீங்கள் காத்திருக்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன். இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொன்னால் அது உண்மை. அரிஸ்டாட்டில் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். 1933-இல் போலந்து நாட்டுத் தர்க்க அறிஞர் ஆல்ஃபிரட் டார்ஸ்கி இதற்குக் கறாரான கணித வடிவம் கொடுத்தார். அவர் முறைப்படி 'விருதுநகரில் மழை பெய்கிறது' என்ற வாக்கியம் எப்போது உண்மை? விருதுநகரில் மழை பெய்தால். 'இதைச் சொல்ல ஒரு பேராசிரியரா?' என்று கேட்காதீர்கள். இதைப் பிசிறில்லாமல் எழுத அவருக்கே ஒரு புத்தகம் அளவுக்குப் பக்கங்கள் பிடித்தன. உண்மை என்பதன் பொருளில் பெரிய சிக்கல் இல்லை. 'அது உண்மை என்று உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டதும்தான் மீட்டர் ஓட ஆரம்பிக்கிறது.

கே: 'உண்மையைச் சொல்லப்போனால்...' என்று பேச்சைத் தொடங்குகிறவர்களை நம்பலாமா?
– மளிகைக் கடைக்காரர், பழனி

ப: ஃபிராங்க் ராம்சே என்ற கேம்பிரிட்ஜ் இளைஞர் 1927-இல் ஒரு கட்டுரை எழுதினார். 'சீசர் கொல்லப்பட்டார்' என்பதற்கும் 'சீசர் கொல்லப்பட்டார் என்பது உண்மை' என்பதற்கும் பொருளில் வித்தியாசமே கிடையாது. பின்னதில் அழுத்தம் மட்டும் கூடுதல் என்பது அவர் வாதம். 26 வயதில் இறந்துபோனவர். அவர் கணக்குப்படி உங்கள் வாடிக்கையாளர் எடைக்கல்லோடு ஒரு காகிதத்தையும் சேர்த்து வைக்கிறார். காகிதத்தை எடுத்துவிட்டு நிறுத்துப் பாருங்கள்.

கே: தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று மகனிடம் சொன்னேன். சின்னப் பயல், நம்ப மாட்டேன் என்கிறான்.
– இல்லத்தரசி, பட்டுக்கோட்டை

ப: சின்னப் பயல் சொல்வதுதான் சரி. நிழல் விழுகிறது. காலையிலும் மாலையிலும் தாராளமாக விழுகிறது. வெயில் தாங்காமல் அந்த நிழலிலேயே ஒதுங்கி நின்றுகொண்டு 'இந்தக் கோபுர நிழல் கீழே விழாது' என்று சொல்கிறவர்களும் உண்டு, தலையாட்டுகிறவர்களும் உண்டு. அடி அகன்று மேலே குறுகிப் போகும் எந்தக் கட்டடத்துக்கும், சூரியன் உச்சிக்கு வரும்போது நிழல் தன் மேலேயே அடங்கிவிடும். ரகசியம் அவ்வளவுதான்.

எனக்கு வருத்தம் வேறு. 1010-இல் கட்டி முடித்த, ஏறத்தாழ 200 அடி உயரமுள்ள அந்த விமானத்துக்கு இப்படி ஒரு பொய்யின் தயவு எதற்கு? அதே கோயிலின் கல்வெட்டில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள் என்பதும், எந்த வரிசையில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள் என்பதும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய நடனப் பெண்ணின் கதவு எண் நமக்குத் தெரியும்! இதை யாரும் யாருக்கும் ஃபார்வர்ட் செய்து நான் பார்த்ததில்லை. அடுத்த விடுமுறையில் மகனைத் தஞ்சாவூர் கூட்டிப்போய் நிழலைக் காட்டுங்கள், அப்படியே கல்வெட்டையும்.

கே: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்கிறார்களே. கண்ணையும் காதையும் விட்டுவிட்டு எதை வைத்து விசாரிப்பது?
– தையற்கலைஞர், ராஜபாளையம்

ப: ஊசியில் நூல் கோக்கிற கை கேட்ட கேள்வி! இதே இடத்தில் நம் பழைய ஆட்களும் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். மணிமேகலையில் 27-ஆம் காதை முழுவதும் அந்தச் சண்டைதான். வஞ்சி நகரில் பல சமயத்துக் கணக்கர்களை மணிமேகலை ஒவ்வொருவராகக் கண்டு 'உங்கள் கொள்கை என்ன?' என்று கேட்கிறாள். கடவுளைப் பற்றிப் பேசும் முன்பே, எதை வைத்து அறிவது என்ற கேள்வி வந்துவிடுகிறது. அதற்கு அளவை என்று பெயர். வைதிகவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். கண்ணால் காண்பது, அதிலிருந்து கருதி அறிவது, ஒப்பிட்டு அறிவது, நம்பத்தக்க நூல் சொல்வது என்று பட்டியல் நீளுகிறது.

கடைசியில் பூதவாதி வருகிறான். நேரில் காண்பது ஒன்றுதான் அறிவு, கருதி அறிவதெல்லாம் செல்லாது என்பது அவன் கட்சி. மணிமேகலை சிரித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: உன் அப்பா அம்மா இவர்கள்தான் என்று நீ எப்படி அறிந்தாய்? ஆள் காலி. எந்த நீதிமன்றக் குறுக்கு விசாரணையும் இதைவிடச் சுருக்கமாக முடிந்ததில்லை.

ஆக, பழமொழி கொஞ்சம் மிகைப்படுத்துகிறது. விசாரிப்பதும் கண்ணாலும் காதாலும்தான். ஒன்று சொல்வதை இன்னொன்றோடு வைத்துப் பார்க்கிறோம், அவ்வளவுதான். நீங்கள் அளவெடுத்த பிறகு துணியை வெட்டுவதற்கு முன் இன்னொரு முறை நாடாவை வைத்துப் பார்க்கிறீர்களே, அந்த வேலை.

கே: என் சான்றிதழில் உள்ள பிறந்த தேதி நிஜமானது இல்லை. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. அந்தத் தேதியை வைத்துத்தான் வேலையும் கிடைத்தது, ஓய்வும் கிடைத்தது. வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்லிவிட்டேனா?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், நாமக்கல்

ப: வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்ட தலைமுறை உங்களுடையது. கை நீளமாக இருந்தவர்கள் சீக்கிரம் ரிட்டையர் ஆனார்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை. காது கொடுத்த வாக்குமூலத்தை வாத்தியார் பதிவு செய்தார். உலகத்தில் இரண்டு வகைச் செய்திகள் இருக்கின்றன. நீங்கள் பிறந்த நாள் யார் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அந்த நாள்தான். நீங்கள் ஓய்வுபெற்ற நாள் அப்படியல்ல, எழுதியதால்தான் அது நடந்தது. பணமும் பதவியும் எல்லைக்கோடும் இந்த இரண்டாம் வகை. 'எல்லாமே மனிதர்கள் உண்டாக்கியதுதான்' என்று யாராவது தத்துவம் பேசினால் முதல் வகையை ஞாபகப்படுத்துங்கள். 'எழுதி வைத்ததற்கெல்லாம் என்ன மதிப்பு' என்றால் ஓய்வூதியப் புத்தகத்தைக் காட்டுங்கள்.

கே: நெருப்பில்லாமல் புகையாது என்று சொல்லியே எங்கள் அலுவலகத்தில் ஒருவர் பெயரைக் கெடுத்துவிட்டார்கள்.
– வங்கி ஊழியர், கும்பகோணம்

ப: இந்தியத் தர்க்கத்தில் புகையைக் கண்டு நெருப்பை அறிவது பால பாடம். அந்தப் பாடத்திலேயே ஓர் ஓட்டை போட்டவர் எட்டாம் நூற்றாண்டுப் பௌத்த அறிஞர் தர்மோத்தரர். அவர் சொன்ன காட்சி: இறைச்சி வாட்ட ஒருவன் அப்போதுதான் நெருப்பு மூட்டியிருக்கிறான். புகை இன்னும் கிளம்பவில்லை. இறைச்சிக்குப் பூச்சிகள் மொய்க்கின்றன. தூரத்தில் நிற்பவன் அந்தக் கறுப்பு மொய்ப்பைப் பார்த்துப் 'புகை' என்கிறான், ஆகவே 'அங்கே நெருப்பு' என்கிறான். நெருப்பு உண்டு, அவன் சொன்னது சரி. ஆனால் அவனுக்குத் தெரியும் என்று சொல்லலாமா? அவன் பார்த்தது பூச்சியை!

சரியாக நம்புவது வேறு, அறிவது வேறு என்ற இந்த விஷயத்தை 1963-இல் எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்கர் வேறு உதாரணங்களோடு மூன்றே பக்கத்தில் எழுதினார். மேற்கத்தியத் தத்துவத் துறைகள் அந்த மூன்று பக்கத்துக்கு இன்றுவரை பதில் எழுதிக்கொண்டிருக்கின்றன. உங்கள் அலுவலகத்து விஷயத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். முதலில் அது புகையா பூச்சியா என்று கேளுங்கள். நம் வதந்திகளில் பெரும்பகுதி பூச்சி.

கே: வாய்மையே வெல்லும் என்று தமிழக அரசின் முத்திரையில் இருக்கிறதே, எப்போது வெல்லும்?
– போட்டித் தேர்வர், தருமபுரி

ப: எதிர்காலத்தில் என்று இலக்கணம் சொல்கிறது. தேதி குறிப்பிடப்படவில்லை. உங்கள் தேர்வு முடிவு மாதிரி.

கே: நிரூபிக்கப்படாத வரை ஒரு விஷயம் உண்மையா, பொய்யா, இரண்டும் இல்லையா?
– கணித ஆசிரியை, ஈரோடு

ப: உங்கள் ஊரில் பிறந்தவரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். ராமானுஜன் 1916-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் டௌ என்ற சார்பைப் பற்றி மூன்று விஷயங்களை ஊகமாகச் சொன்னார். இரண்டை அடுத்த வருஷமே மார்டெல் நிரூபித்துவிட்டார். மூன்றாவது, அந்தச் சார்பின் மதிப்பு எவ்வளவு பெரிதாகலாம் என்ற வரம்பு, மசியவில்லை. ராமானுஜன் 1920-இல் 32 வயதில் போய்விட்டார். 1974-இல் பெல்ஜியத்துக்காரர் பியர் தெலீன் அதை நிரூபித்தார். அதற்குத் தேவைப்பட்ட கருவிகள் ராமானுஜன் காலத்தில் பிறந்திருக்கவே இல்லை.

இப்போது உங்கள் கேள்வி. 1950-இல் அந்த வரம்பு உண்மையா? உண்மைதான். யாருக்கும் தெரியாத உண்மை. தெலீன் 1974-இல் அதை உண்மையாக்கவில்லை, நமக்குத் தெரிந்ததாக்கினார்.

ராமானுஜன் சொன்னார், ஆகவே சரி என்று உடனே கொடி பிடிக்க வேண்டாம். 1913-இல் அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியபோது, ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கும் என்று சொல்லும் சூத்திரத்தையும் அதே தெம்போடு எழுதியிருந்தார். அவர் நினைத்த துல்லியம் அதில் இல்லை. அதே மூளை, அதே நம்பிக்கை; ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது. ஹார்டி விடாமல் நிரூபணம் கேட்டுக்கொண்டே இருந்ததை 'வெள்ளைக்காரனின் வறட்டுப் பிடிவாதம்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதுதான் நட்பாகத் தெரிகிறது.

கே: சரி, லட்சம் தடவை சோதித்துப் பார்த்தும் சரியாகவே வந்தால் உண்மை என்று ஒப்புக்கொள்ள மாட்டீர்களா?
– அதே ஆசிரியையின் மாணவன் (என்று எழுதியிருக்கிறார்)

ப: வேறு எங்கேயாவது என்றால் ஒப்புக்கொள்வேன். கணக்கில் மாட்டேன். அதே பகா எண் விவகாரம்தான். கௌஸ் வழியில் வந்த ஒரு மதிப்பீடு எப்போதும் நிஜ எண்ணிக்கையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டுகிறது. இதுவரை மனிதனும் கணினியும் எண்ணிப் பார்த்த அத்தனை இடத்திலும் அப்படித்தான். லட்சம் என்ன, கோடி கோடி தாண்டியும் மாறவில்லை. ஆனால் 'எப்போதும் அப்படித்தான்' என்பது தவறு என்று 1914-லேயே லிட்டில்வுட் நிரூபித்துவிட்டார். முந்நூறு இலக்கத்துக்கும் மேலே நீளும் எண் ஒன்றின் பக்கத்தில் அது கவிழ்கிறது. தம்பி, உங்கள் டீச்சர் 'ஸ்டெப் எங்கே?' என்று மார்க் குறைக்கும்போது லிட்டில்வுட்டை நினைத்துக்கொள்ளவும்.

கே: எவரெஸ்ட் உயரம் நான் படித்தபோது ஒன்று, என் பேத்தி படிக்கும்போது இன்னொன்று. மாறிக்கொண்டே இருப்பதற்குப் பெயர் உண்மையா?
– தாத்தா, பரங்கிமலை

ப: நீங்கள் இருக்கும் ஊருக்கே இதில் பங்கு உண்டு. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி பிடித்து ஓர் அடிக்கோடு அளந்தார். அதன் மேல் முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு வடக்கே போனது இந்திய முக்கோணவியல் அளவை. ஐம்பது வருஷம் கழித்து, நேபாளத்துக்குள் நுழைய அனுமதி இல்லாததால், நூறு மைலுக்கும் அப்பால் நின்று கோணம் பார்த்தார்கள். ராதாநாத் சிக்தார் கணக்குப் போட்டார். 1856-இல் அறிவித்த உயரம் 29,002 அடி. கணக்கு மொட்டையாக 29,000 என்றே வந்ததாகவும், அப்படிச் சொன்னால் 'குத்துமதிப்பு' என்று ஜனங்கள் நினைப்பார்கள் என்று இரண்டடி கூட்டியதாகவும் ஒரு கதை சர்வேக்காரர்களிடையே உலவுகிறது. உண்மையை உண்மை போலத் தெரியவைக்க இரண்டடிப் பொய்! கதை பொய்யாக இருந்தாலும் ரசிக்கலாம்.

1955-இல் 8,848 மீட்டர். 2005-இல் சீனர்கள் பனியைக் கழித்துவிட்டுப் பாறையை மட்டும் அளந்து 8,844.43 என்றார்கள். 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து 8,848.86 என்று அறிவித்தன. இதில் மாறியவை மூன்று, தனித்தனி. ஒன்று, கருவி மேம்பட்டது. இரண்டு, எதை அளக்கிறோம் (பனியா, பாறையா, கடல்மட்டம் எங்கே) என்ற ஒப்பந்தம் மாறியது. மூன்று, இந்திய நிலத்தட்டு இன்னும் முட்டிக்கொண்டிருப்பதால் மலையே கொஞ்சம் கொஞ்சமாக எழும்புகிறது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பி 'பார்த்தாயா, விஞ்ஞானிகள் தினம் ஒன்று சொல்கிறார்கள்' என்பவர்களைப் பேத்தியிடம் அனுப்புங்கள். சங்கிலியும் கோணமானியும் வைத்து, நூறு மைல் தள்ளி நின்று, இன்றைய கணக்குக்கு முப்பதடிக்குள் வந்தவர்களை நான் வணங்குவேன்.

கே: புளூட்டோவைக் கிரகம் இல்லை என்று சொல்லிவிட்டார்களே, அது பொய்யாகத்தான் கிரகமாக இருந்ததா?
– ஏழாம் வகுப்பு மாணவி, காரைக்குடி

ப: 2006 ஆகஸ்டில் பிராக் நகரில் வானியலாளர்கள் ஓட்டுப் போட்டது 'கிரகம்' என்று எதை அழைப்பது என்பதற்கு. புளூட்டோவுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அது பாட்டுக்குச் சுற்றுகிறது.

கே: நன்மைக்காகப் பொய் சொல்லலாம் என்கிறார் வள்ளுவர். இதை என் கணவர் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்.
– பள்ளி நூலகர், சிதம்பரம்

ப: முழுக் குறளையும் காட்டச் சொல்லுங்கள். அங்கே ஒரு நிபந்தனை இருக்கிறது: விளையும் நன்மை பழுதே இல்லாததாக இருக்க வேண்டும். சொல்கிறவருக்கு வசதியாக இருந்தால் போதும் என்று வள்ளுவர் எங்கேயும் எழுதவில்லை.

எதிர்முனையில் நிற்பவர் இம்மானுவேல் கான்ட். 1797-இல் எழுதிய கட்டுரையில், உன் நண்பனைக் கொல்ல வந்தவன் வாசலில் நின்று 'அவன் உள்ளே இருக்கிறானா?' என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்றார். கொலைகாரனுக்கு உண்மையைப் பெறும் உரிமையே கிடையாது என்று பிரெஞ்சுக்காரர் பெஞ்சமின் கான்ஸ்டன்ட் வாதிட்டதற்கு அவர் எழுதிய பதில் அது. எனக்குக் கான்ட் மேல் மரியாதை உண்டு. ஆனால் ஒளிந்துகொள்ள இடம் தேடினால் வள்ளுவர் வீட்டுக்குத்தான் போவேன். உங்கள் கணவர் எதிலிருந்து ஒளிகிறார் என்பது எனக்குத் தெரியாத விஷயம்.

கே: உண்மையை மட்டுமே சொல்லி ஒருவரை ஏமாற்ற முடியுமா?
– மருத்துவப் பிரதிநிதி, சேலம்

ப: உங்கள் தொழிலில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களா? பாரதத்தில் தருமர் செய்தது அதுதான். அசுவத்தாமா இறந்தான் என்று உரக்கவும், யானை என்பதை மெதுவாகவும் சொன்னார். யானை இறந்தது நிஜம். துரோணர் ஆயுதத்தைப் போட்டார். அதுவரை தரையில் படாமல் நாலு விரற்கடை உயரத்தில் ஓடிய தருமரின் தேர் தரையைத் தொட்டது. வாக்கியத்துக்கு நூற்றுக்கு நூறு மார்க், ஆளுக்குச் சைபர். விளம்பரத்தின் அடியில் எறும்பு எழுத்தில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று போடுகிறார்களே, அது அந்த மெல்லிய 'யானை'யேதான்.

கே: நீதிமன்றத்தில் ஜெயிப்பது உண்மையா, வக்கீலா?
– சட்டக் கல்லூரி மாணவர், செங்கல்பட்டு

ப: நிரூபணம். 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டமும், 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமும் 'உண்மை' என்பதற்கு இலக்கணம் சொல்லவே இல்லை. 'நிரூபிக்கப்பட்டது' என்பதற்குத்தான் சொல்கின்றன. விவேகமுள்ள ஒரு மனிதர் அது நடந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு செயல்படும் அளவுக்கு வாய்ப்பு இருந்தால் போதும். அதோடு மூன்று பெட்டிகள்: நிரூபிக்கப்பட்டது, பொய்யென நிரூபிக்கப்பட்டது, நிரூபிக்கப்படாதது. மூன்றாவது பெட்டிதான் சட்டத்தின் நாகரிகம். தெருவில் நமக்கு இரண்டு பெட்டிதான். 'விடுதலையானால் நிரபராதி' என்றோ 'காசு கொடுத்துத் தப்பித்தான்' என்றோ எழுதிவிட்டுப் போய்விடுகிறோம்.

இன்னொன்றும் கவனியுங்கள். குற்றவியல் அவதூறு வழக்கில் 'நான் சொன்னது உண்மை' என்றால் மட்டும் தப்ப முடியாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். பழைய தண்டனைச் சட்டத்தில் 499-ஆம் பிரிவு, இப்போது நியாய சன்ஹிதையில் 356. சிவில் வழக்கில் கதை வேறு, அங்கே உண்மையே கேடயம். நீதிமன்ற அவமதிப்பில் உண்மையை எதிர்வாதமாக வைக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதியது 2006-இல் வந்த திருத்தம்தான். அதிலும் பொதுநலன் என்ற வால் உண்டு.

கே: பொய் கண்டுபிடிக்கும் கருவியை அரசியல்வாதிகளுக்கு மாட்டினால் என்ன?
– டீக்கடை உரிமையாளர், ஆரணி

ப: அந்தக் கருவிக்குப் பொய் தெரியாது. ரத்த அழுத்தம், மூச்சு, தோலின் வியர்வை தெரியும். பயந்த நிரபராதி மாட்டுவார், பழகிய ஆள் நழுவுவார். நீங்கள் சொன்ன ஆட்கள் இரண்டாம் வகை. இதன் முன்னோடிகளில் ஒருவர் வில்லியம் மார்ஸ்டன். அவருடைய ரத்த அழுத்தச் சோதனையை 1923-லேயே அமெரிக்க நீதிமன்றம் ஒன்று ஏற்க மறுத்தது. பிற்பாடு அவர் வொண்டர் வுமன் என்ற சித்திரக்கதை நாயகியை உண்டாக்கி, மாட்டியவுடன் உண்மையைக் கக்க வைக்கும் சுருக்குக் கயிறு ஒன்றை அவள் கையில் கொடுத்தார். நிஜத்தில் கிடைக்காததைக் கதையில் அடைந்தார். நம் ஊரில், சம்மதமில்லாமல் இந்தக் கருவியையோ மயக்க மருந்தையோ யார் மீதும் பயன்படுத்தக் கூடாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கே: பொன்னியின் செல்வனில் வரும் நந்தினி உண்மையா? என் தோழிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள்.
– செவிலியர், காட்டுமன்னார்கோயில்

ப: வீட்டு வாசலிலேயே விடை இருக்கிறது. உங்கள் ஊர் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று ரவிதாசனையும் அவன் உடன்பிறந்தாரையும் குறிப்பிட்டு, அவர்களுடைய உறவினர்களின் சொத்துப் பறிமுதலைச் சொல்கிறது. கொலை நிஜம், ரவிதாசன் நிஜம். நந்தினி கல்கியின் கைச்சரக்கு. கல்வெட்டு விட்ட இடைவெளியில் 1950 முதல் 1954 வரை வாராவாரம் அவர் குடியேற்றிய பெண்.

ஆனால் 'நந்தினி பழுவேட்டரையரை மணந்தவள்' என்றால் சரி, 'வந்தியத்தேவனை மணந்தவள்' என்றால் தப்பு என்று இரண்டு கட்சியும் ஒப்புக்கொள்ளும், இல்லையா? இல்லாத பெண்ணைப் பற்றிச் சரியும் தப்பும் எப்படி வந்தன? நாவலில் எழுதியிருப்பதுதான் அங்கே அளவை. நாவலை நாவலால் அளக்கலாம். சோழ வரலாற்றை அதே நாடாவால் அளந்து, கல்வெட்டு ஆய்வாளரிடம் சண்டைக்குப் போகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குத் தலைவலி.

கே: நான் சொல்வது பொய்.
– கையெழுத்து இல்லை, கோயம்புத்தூர்

ப: இது கேள்வியே இல்லை. கிரேக்கர் யூபுலிடிஸ் காலத்திலிருந்து, அதாவது கி.மு. நான்காம் நூற்றாண்டிலிருந்து, இந்தக் குறும்பு நடக்கிறது. உண்மை என்று வைத்துக்கொண்டால் பொய்யாகிறது, பொய் என்றால் உண்மையாகிறது. நம்ம டார்ஸ்கி சொன்ன பரிகாரம்: ஒரு மொழி தன் வாக்கியங்களுக்குத் தானே தீர்ப்பு எழுதக் கூடாது, ஒரு படி மேலே உள்ள மொழியிலிருந்துதான் எழுத வேண்டும். சொந்த வழக்கில் தானே நீதிபதியாக உட்காருவதைச் சட்டமும் அனுமதிப்பதில்லை. கடிதத்தைக் கிழித்துவிட்டேன். (இது உண்மை.)

கே: அவரவர் உண்மை அவரவருக்கு. இதை ஏற்றுக்கொண்டால் சண்டையே வராதே?
– யோகா பயிற்சியாளர், கொடைக்கானல்

ப: நீங்கள் சொன்ன வாக்கியமும் உங்களுக்கு மட்டும்தானா? ஆம் என்றால் எனக்கு ஏன் எழுதினீர்கள்? இல்லை என்றால் வாக்கியம் விழுந்தது.

சமணர்களின் ஏழு வகை வாசகங்களை இதற்குத் துணைக்கு அழைப்பார்கள். அவர்கள் சொன்னது இதுவல்ல. சென்னை தெற்கே இருக்கிறது என்பது டெல்லியிலிருந்து பார்த்தால் சரி, நாகர்கோவிலிலிருந்து பார்த்தால் தப்பு. ஆனால் 'டெல்லிக்குத் தெற்கே சென்னை' என்பது நாகர்கோவில்காரருக்கும் சரிதான். நிற்கும் இடத்தையும் வாக்கியத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் சண்டை பாதி தீரும் என்பது அவர்கள் யோசனை. அதற்காக டெல்லிக்கு வடக்கே சென்னை என்று ஒருவர் சொன்னால் 'அது உங்கள் உண்மை' என்று சிரித்துவிட்டுப் போவது சமணர்கள் சொன்ன அனேகாந்தவாதம் ஆகாது, சோம்பேறித்தனம்.

கே: செயற்கை நுண்ணறிவு பொய் சொல்கிறது. இல்லாத புத்தகத்துக்குப் பக்க எண் தருகிறது. அதை எப்படித் திருத்துவது?
– ஆராய்ச்சி மாணவி, திருநெல்வேலி

ப: பொய் சொல்ல முதலில் உண்மை தெரிந்திருக்க வேண்டும். ஹாரி ஃபிராங்க்பர்ட் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1986-இல் ஒரு கட்டுரையில் பொய்யனையும் அளப்பவனையும் பிரித்துக் காட்டினார். பொய்யனுக்கு உண்மை மேல் கண் இருக்கிறது, அதை மறைப்பதுதான் அவன் வேலை. அளப்பவனுக்கு அது எங்கே கிடக்கிறது என்ற அக்கறையே இல்லை; வாய் நிற்காமல் ஓடினால் போதும். அடுத்து வரத் தோதான சொல் எது என்று பார்த்துப் பார்த்துக் கோக்கும் இயந்திரம் சில நேரம் அந்த இரண்டாம் ஆள் மாதிரியே பேசுகிறது. அதுவும் எவ்வளவு பணிவாக! பக்க எண் தந்தால் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். மனிதர்கள் தந்த பக்க எண்ணுக்கும் அதே மருந்து.

'போட்டோவே இருக்கிறது' என்றும் அசந்துவிட வேண்டாம். 1917-இல் இங்கிலாந்தில் இரண்டு சிறுமிகள் காகிதத்தில் தேவதைகளை வெட்டி வைத்துப் படம் எடுத்தார்கள். நம்பி, பத்திரிகையில் கட்டுரையே எழுதியவர் ஆர்தர் கோனன் டாயில், ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த அதே ஆள். 1983-இல்தான் அந்தச் சிறுமிகள், கிழவிகளாகி, ஒப்புக்கொண்டார்கள்.

கே: பொய் என்று தெரிந்த செய்திகூட நாலு குரூப்பில் வந்தால் நம்பத் தோன்றுகிறதே, எனக்கு மட்டுமா?
– கல்லூரி மாணவர், வேலூர்

ப: எல்லாருக்கும்தான். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் அது மெய்யாக இருக்கும் என்ற எண்ணம் கூடுகிறது என்று 1977-லேயே உளவியலாளர்கள் சோதித்துக் காட்டிவிட்டார்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பது ஃபார்வர்ட் பொத்தான் வருவதற்கு முன் போட்ட கணக்கு. நாலு குரூப்பில் வந்ததா, நாலு சாட்சி என்று எண்ணாதீர்கள். நாலுக்கும் அனுப்பியவர் உங்கள் சித்தப்பா ஒருவரே.

கே: உங்கள் இதழில் வரும் ராசிபலன் உண்மையா? தயவுசெய்து நேராகப் பதில் சொல்லவும்.
– பெயரைப் போடலாம் என்று எழுதிய ஒரே வாசகர், மன்னார்குடி

ப: ஆசிரியர் இந்தப் பக்கத்தைப் படிப்பார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்தார். பிறகு 'உங்கள் குணநலன்' என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26. அப்புறம்தான் சொன்னார்: எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். வாசகங்களைப் பெட்டிக்கடையில் வாங்கிய ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். தப்பாகவே முடியாத வாக்கியம் எப்போதும் பலிக்கும். 'செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு மன்னார்குடியில் உங்கள் சைக்கிள் பஞ்சராகும்' என்று எந்த ராசிபலனும் எழுதுவதில்லை, கவனித்தீர்களா?

உங்கள் ராசியை எழுத மறந்துவிட்டீர்கள். பரவாயில்லை. பணவரவு உண்டு, ஆனால் தங்காது. நெருங்கிய ஒருவர் உங்களைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. வெளியே தைரியமாக இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு கவலை. எத்தனை மார்க் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.